கவுண்ட்டரை மூடுவது ஒருவர், அபராதம் கட்டுவது வேறொருவரா?

"சர்வர் டவுன்."

இந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்காத மும்பைத் தமிழர் யாரும் இருக்க முடியாது. பாங்கிக்குப் போனாலும் இதே பதில். ரெயில் டிக்கெட் எடுக்கப் போனாலும் இதே பதில். வருமான வரிக் கணக்கு கொடுக்க உட்கார்ந்தாலும் இதே பதில்.

ஒரு காலத்தில் சர்வர் என்றால் மாட்டுங்கா ஓட்டலில் இட்லி, வடை கொண்டு வந்து வைப்பவர். இன்று சர்வர் என்றால் எங்கோ ஒரு குளிரூட்டப்பட்ட அறையில் இருந்துகொண்டு, கேட்டவருக்குக் கேட்ட தகவலை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர். ஓட்டல் சர்வர் வராவிட்டால் முதலாளியே தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். இந்த சர்வர் நின்றுவிட்டால் பதில் சொல்லக்கூட ஆள் கிடையாது.

இணையதளங்கள் முடங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. மின்சாரம் போகலாம். தீப்பிடிக்கலாம். ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் மோதலாம். இவை விபத்து வகை. இன்னொரு வகை உண்டு. பழைய கம்ப்யூட்டரில் இருந்து புதிய கம்ப்யூட்டருக்கு, பழைய ஏற்பாட்டில் இருந்து புதிய ஏற்பாட்டுக்கு மாறும்போது வரும் முடக்கம் அது.

இடி விழுந்து நிற்பது வேறு. நாமே நாள் குறித்து நிறுத்துவது வேறு. இந்த இரண்டாவது வகை முடக்கத்துக்கு நாள், நேரம் எல்லாம் முன்கூட்டியே தெரியும். மாற்றுகிறவருக்கு ஆயத்தம் செய்ய அவகாசம் உண்டு. அப்படி இருந்தும் அடி விழுவது என்னவோ கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குத்தான். அது ஏன் என்பதுதான் கேள்வி.

வீடு மாறும் விவகாரம்

சர்வர் மாற்றம் என்பது வீடு மாறுவது போன்றது. சாமான்களை ஏற்றி இறக்கினால் மட்டும் போதாது. கடிதம் வர வேண்டிய இடங்களுக்கெல்லாம் புதிய விலாசம் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு இணையதளத்துக்கும் நாம் அறிந்த பெயர் ஒன்று, கம்ப்யூட்டர்கள் அறிந்த எண் முகவரி ஒன்று. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஏடு ஒன்று உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது. டி.என்.எஸ். என்று அதற்குப் பெயர். தளம் வேறு கம்ப்யூட்டருக்கு மாறினால் இந்த எண்ணும் பெரும்பாலும் மாறும்.

ஆனால் இன்டர்நெட் தரும் கம்பெனிகள் ஒவ்வொரு தடவையும் மூல ஏட்டைப் புரட்டுவதில்லை. ஒரு தடவை பார்த்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட நேரம் வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நேரம் சில நிமிடங்களாக இருக்கலாம். ஒரு நாளாகவும் இருக்கலாம். அதனால்தான் சர்வர் மாறிய அன்று தாராவியில் திறக்கிற தளம் முலுண்டில் திறக்காது. முலுண்டுக்காரர் பழைய வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இதைத் தவிர்க்க வழி இல்லாமல் இல்லை. மாற்றத்துக்கு ஓரிரு நாள் முன்பே அந்தக் குறிப்பு நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்துவிட வேண்டும். மாறிய பிறகும் சில நாட்களுக்குப் பழைய கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். இரண்டும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. ஆனால் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், இயந்திரம் மாறாமல் அதில் ஓடும் மென்பொருள் மட்டும் மாறுவது. தளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் கம்பெனிகள் நெடுங்காலமாக 'அப்பாச்சி' என்ற மென்பொருளைப் பயன்படுத்தி வந்தன. 1995-ல் வந்தது அது. பிறகு ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயெவ் எழுதிய 'என்ஜின்-எக்ஸ்' 2004-ல் வெளியானது. குறைந்த நினைவகத்தில் அதிகம் பேருக்குப் பதில் சொல்லக்கூடியது என்பதால் பல கம்பெனிகள் அதற்கு மாறின.

அப்பாச்சியில், தளத்தின் சொந்தக்காரர் ஒரு சிறு கோப்பில் தன் கட்டளைகளை எழுதி வைக்கலாம். 'இந்தப் பக்கத்தைக் கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டு, இந்த அறைக்குள் யாரையும் விடாதே' என்பது போன்ற கட்டளைகள். என்ஜின்-எக்ஸ் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. பழைய ஸ்டேஷன் மாஸ்டர் எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பேட்டைப் புதியவர் திறந்தே பார்க்காவிட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். வரவேண்டிய பக்கம் வராது. மூடி இருக்க வேண்டிய அறை திறந்து கிடந்தாலும் ஆச்சரியம் இல்லை.

இவை தவிர, பூட்டுச் சின்னத்துக்குரிய பாதுகாப்புச் சான்றைப் புதிய இடத்தில் வைக்க மறப்பது உண்டு. பழைய இடத்தில் நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே வாடிக்கையாளர் செய்த கடைசி நேரப் பதிவுகள் புதிய இடத்துக்கு வந்து சேராமல் போவதும் உண்டு. வாடகை இடத்தில் தளம் நடத்தும் ஒரு சிறு வியாபாரிக்கோ, சங்கத்துக்கோ இதனால் ஒரு நாள் வேலை கெடும். சர்க்கார் தளத்திலும் பெரிய பாங்கியிலும் மாற்றம் கோணலாகப் போனால் கோடிக்கணக்கான பேரின் வேலை கெடும்.

2021-ல் நடந்தது என்ன?

இதற்கு நம் நாட்டில் மறக்க முடியாத உதாரணம் வருமான வரி இணையதளம்.

வரிக் கணக்கைப் பரிசீலிக்க ஆகும் 63 நாட்களை ஒரே நாளாகக் குறைப்பதற்காகப் புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்ய 2019 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. திட்டத்தின் மதிப்பு சுமார் 4 ஆயிரத்து 242 கோடி ரூபாய். வேலை இன்போசிஸ் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது.

2021 ஜூன் 1-ந் தேதி முதல் 6-ந் தேதி வரை பழைய தளம் இயங்காது, 7-ந் தேதி புதிய தளம் திறக்கப்படும் என்று வருமான வரி இலாகா முன்கூட்டியே அறிவித்தது. அந்த நாட்களில் கெடு எதுவும் வைக்க மாட்டோம், விசாரணைகளை 10-ந் தேதி முதலே வைத்துக்கொள்வோம் என்றும் சொன்னது. இதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

தொல்லை திறந்த பிறகு தொடங்கியது. 7-ந் தேதி இரவு தளம் திறக்கப்பட்டது. உள்ளே நுழைய முடியவில்லை என்று புகார்கள் குவிந்தன. 8-ந் தேதியே நிதி மந்திரி நிர்மலா சீதாராமன், இன்போசிஸ் கம்பெனியையும் அதன் தலைவர் நந்தன் நீலேகனியையும் ட்விட்டரில் பெயர் சொல்லிக் குறைகளைச் சரி செய்யும்படி கேட்டார். ஒரு வாரத்தில் நிலைமை சீராகும் என்று எதிர்பார்ப்பதாக நீலேகனி பதில் சொன்னார்.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. ஜூன் 22-ந் தேதி நிதி மந்திரி கூட்டிய கூட்டத்தில், 700-க்கும் அதிகமான மின்னஞ்சல்களில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறைகள் வந்திருப்பதும், அவற்றில் வெவ்வேறான குறைகள் மட்டும் 90 என்பதும் எடுத்துக் காட்டப்பட்டன. ஆகஸ்டு 21-ந் தேதி தளம் முழுவதுமாக நின்றது. மறுநாள் மாலைதான் திரும்பி வந்தது. 23-ந் தேதி கம்பெனியின் தலைமை நிர்வாகி சலீல் பரேக்கை நிதி அமைச்சகத்துக்கு வரவழைத்து, செப்டம்பர் 15-ந் தேதிக்குள் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும் என்று நிதி மந்திரி கெடு வைத்தார்.

கம்பெனிக்குக் கெடு ஒரு பக்கம் இருக்கட்டும். மாதச் சம்பளக்காரரின் கதி என்ன?

தப்பான அபராதம்

சாதாரண ஆண்டுகளில் சம்பளக்காரர் கணக்கு கொடுக்க வேண்டிய கடைசி நாள் ஜூலை 31. கொரோனா இரண்டாவது அலையை முன்னிட்டு அந்த ஆண்டு அது செப்டம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. ஆனால் தளத்தின் மென்பொருளுக்கு அது சரியாகத் தெரியவில்லை. ஜூலை 31-க்குப் பிறகு கணக்கு கொடுத்த சிலரிடம் தாமதக் கட்டணமும் வட்டியும் கேட்டது. தாமதக் கட்டணம் என்றால் சில்லறை அல்ல. வருமானம் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தால் ரூ.5 ஆயிரம், அதற்குள் இருந்தால் ரூ.1,000.

ஆகஸ்டு 1-ந் தேதியே மென்பொருள் திருத்தப்பட்டுவிட்டது, யாராவது தவறுதலாகக் கூடுதல் பணம் கட்டியிருந்தால் கணக்கைப் பரிசீலிக்கும்போது திருப்பித் தரப்படும் என்று இலாகா பின்னர் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் கட்டும்போது கையில் இருந்து உடனே போன பணம், திரும்பும்போது எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டிய பணமாகிவிட்டது.

கடைசியில் செப்டம்பர் 9-ந் தேதி வெளியான அறிவிப்பில் கெடு டிசம்பர் 31-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த நாளுக்குள் சுமார் 5 கோடியே 89 லட்சம் கணக்குகள் வந்து சேர்ந்தன. கடைசி ஒரு நாளில் மட்டும் 46 லட்சத்துக்கும் மேல்.

இதில் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அறிவித்துவிட்டு மூடிய 6 நாட்களில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. நஷ்டம் வந்ததெல்லாம் 'திறந்துவிட்டோம்' என்று சொன்ன பிறகு ஓடாமல் கிடந்த நாட்களில்தான். ஷட்டர் இறங்கிய கவுண்ட்டரால் கெடுதல் குறைவு. போர்டு போட்டு இருப்பதால் ஜனங்கள் வேறு வேலை பார்க்கப் போவார்கள். ஷட்டர் திறந்து உள்ளே ஆள் இல்லாத கவுண்ட்டரால்தான் கெடுதல் அதிகம். வரிசையில் நின்றவர் நகரவும் முடியாது, வேலையும் முடியாது. ஆனால் ஏட்டில் மட்டும் 'கவுண்ட்டர் திறந்திருந்தது' என்று எழுதப்பட்டிருக்கும்.

மெகா பிளாக் சொல்லும் பாடம்

மும்பைவாசிகளுக்கு இந்த விஷயத்தில் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மெகா பிளாக் பார்க்கிறவர்கள் நாம்.

தண்டவாளமும் சிக்னலும் பழுது பார்க்கப்பட்டே ஆக வேண்டும். ஓடும் ரெயிலை நிறுத்தாமல் அது நடக்காது. அதற்காகத் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு யாரும் லைனை மூடுவதில்லை. கூட்டம் குறைந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த ஸ்டேஷனில் இருந்து எந்த ஸ்டேஷன் வரை, எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை என்று முன்னதாகவே அறிவிக்கிறார்கள். மாட்டுங்கா - முலுண்டு வேகப் பாதை மூடினால் வண்டியை மெதுப் பாதையில் விடுகிறார்கள். ஹார்பர் லைன் மூடினால் அந்த டிக்கெட்டுடனேயே வேறு லைனில் போக அனுமதிக்கிறார்கள்.

நாள் பார்த்து மூடுவது, சொல்லிவிட்டு மூடுவது, மாற்றுப் பாதை விடுவது, பழைய டிக்கெட்டைச் செல்லும்படி செய்வது என்ற இந்த நான்கும் இருந்தால் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டாவது பொறுத்துக்கொள்வார்கள்.

இணையதள விஷயத்திலும் இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு.

கொரோனா காலத்து விசேஷ ரெயில்களைப் பழைய எண்களுக்கே மாற்ற வேண்டி வந்தபோது, ரெயில்வே 2021 நவம்பர் 14-ந் தேதி தொடங்கி 7 இரவுகள், இரவு 11.30 மணி முதல் காலை 5.30 மணி வரை ரிசர்வேஷன் கம்ப்யூட்டரை நிறுத்தியது. அறிவிப்பு முன்னதாகவே வந்தது. பகல் நேர முன்பதிவு நிற்கவில்லை. பெரிய ரகளை ஏதும் இல்லை.

மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட எச்.டி.எப்.சி. பாங்கி தன் மையக் கணக்கு ஏற்பாட்டைப் புதிய மேடைக்கு மாற்ற 2024 ஜூலை 13-ந் தேதியைத் தேர்ந்தெடுத்தது. அது இரண்டாவது சனிக்கிழமை, பாங்கி விடுமுறை. அதிகாலை 3 மணி முதல் மாலை 4.30 மணி வரை எந்தெந்தச் சேவை இருக்கும், எது இருக்காது என்று வாடிக்கையாளருக்கு முன்பே பட்டியல் போட்டுச் சொன்னது. ஏ.டி.எம்.மில் ஓரளவு பணம் எடுக்க வசதி வைத்திருந்தது.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம்பி இருக்கும் பாஸ்போர்ட் சேவா தளம், 2024 ஆகஸ்டு 29-ந் தேதி இரவு 8 மணி முதல் செப்டம்பர் 2-ந் தேதி காலை 6 மணி வரை மூடப்பட்டது. ஆகஸ்டு 30-ந் தேதிக்கு நேரம் வாங்கி இருந்தவர்களுக்கு வேறு நாள் தரப்படும் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லப்பட்டது. 'வாங்கிய டிக்கெட் செல்லும்' என்பதன் பாஸ்போர்ட் வடிவம் இது.

வருமான வரி இலாகாவும் மாற்றுப் பாதை விட்டது உண்டு. 2021 ஜூனில் புதிய தளம் ஓடாததால், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் தர வேண்டிய 15சி.ஏ., 15சி.பி. படிவங்களைக் காகிதத்திலேயே பாங்கியில் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. காகிதத்தைக் கேலி செய்கிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

திரும்பி வரும் பாதை

மெகா பிளாக்கில் இல்லாத ஒரு அபாயம் கம்ப்யூட்டர் மாற்றத்தில் உண்டு. புதியது ஓடாவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியுமா என்பதே அது.

இதே எச்.டி.எப்.சி. பாங்கி 2018 நவம்பர் கடைசியில் செல்போனுக்கான புதிய ஆப் ஒன்றை வெளியிட்டது. சம்பளம் வரும் வாரம். உள்ளே நுழைய முடியாமல் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். பாங்கி புதிய ஆப்பை வாபஸ் வாங்கி, சில நாட்களில் பழையதையே மறுபடி கொண்டு வந்தது. பழையதை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பியது. அடுத்தடுத்து வந்த முடக்கங்களுக்காக, புதிய டிஜிட்டல் திட்டங்களையும் புதிய கிரெடிட் கார்டுகளையும் நிறுத்தி வைக்கும்படி 2020 டிசம்பரில் ரிசர்வ் பாங்கி அதற்கு உத்தரவிட்டது. அந்தத் தடை முழுவதும் நீங்க 2022 மார்ச் ஆயிற்று. 2024 ஜூலையில் காட்டிய முன்ஜாக்கிரதைக்குப் பின்னால் இந்தப் பட்டறிவும் இருந்திருக்கும்.

திரும்பும் பாதை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. டி.எஸ்.பி. என்ற பாங்கி 2018 ஏப்ரலில், சனி, ஞாயிறு பார்த்துத் தன் 52 லட்சம் வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே மூச்சில் புதிய கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கு மாற்றியது. பணக் கணக்கு பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் வாசற்கதவு திறக்கவில்லை. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் தொட முடியாமல் நின்றார்கள். சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. இரண்டு மையங்களில் ஓட வேண்டிய ஏற்பாட்டை ஒரு மையத்தில் மட்டும் பளு கொடுத்துச் சோதித்திருந்தார்கள் என்பது பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது. நிலைமை முழுவதும் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. தலைமை நிர்வாகி பதவி விலகினார். வாடிக்கையாளருக்கு நஷ்ட ஈடு 3 கோடியே 27 லட்சம் பவுன். அதற்கு மேல் 2022-ல் கண்காணிப்பு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுனுக்கும் அதிகம்.

அமெரிக்காவின் மைஸ்பேஸ் தளத்தில் நடந்தது இன்னும் மோசம். சர்வர் மாற்றத்தின்போது, 2015-க்கு முன்பு ஜனங்கள் 12 ஆண்டுகளாக ஏற்றி வைத்திருந்த பாட்டுகளும் படங்களும் தொலைந்து போயின. 2019-ல் அந்தக் கம்பெனி இதை ஒப்புக்கொண்டது. சுமார் 5 கோடி பாட்டுகள் போயின என்று கணக்கிட்டார்கள். வேறு நகல் வைத்திராதவர்களுக்கு அது போனது போனதுதான்.

1897-ம் ஆண்டுச் சட்டம்

டி.எஸ்.பி. விவகாரத்தில் கவனிக்க வேண்டியது தொகை அல்ல. தப்பு செய்தவர் அபராதம் கட்டினார் என்பதுதான். நம் நாட்டில் சர்க்கார் தளம் முடங்கினால் அபராதத்துக்குப் பயந்து நடுங்குவது வரிசையில் நிற்பவர்.

இதற்குப் புதிதாக ஒரு தத்துவம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே போதும். 1897-ம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தில் 10-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒரு காரியத்தை ஒரு கோர்ட்டிலோ ஆபீசிலோ இன்ன நாளுக்குள் செய்ய வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்லி, கடைசி நாளில் அந்த ஆபீஸ் மூடியிருந்தால், மறுபடி திறக்கும் நாளில் செய்தால் போதும். உரிய காலத்தில் செய்ததாகவே கருத வேண்டும். இதுதான் அதன் சாரம்.

இதில் மனு போட வேண்டியதில்லை. மந்திரியின் தயவும் வேண்டியதில்லை. ஆபீஸ் மூடியிருந்தது, அவ்வளவுதான்.

1897-ல் ஆபீஸ் என்றால் கதவும் பூட்டும் உள்ள கட்டடம். இன்று ஆபீஸ் என்றால் இணையதளம். கணக்கை அங்குதான் கொடுக்க வேண்டும் என்று சர்க்காரே சொல்கிறது. அப்படியானால் அந்தத் தளம் ஓடாத நேரமும் 'ஆபீஸ் மூடிய நேரம்' என்று கருதப்படுவதுதானே நியாயம்?

ஆனால் நடப்பது வேறு. 2025-ல் சம்பளக்காரர் கணக்கு கொடுக்கக் கடைசி நாள் செப்டம்பர் 15. அன்று தளம் சரியாக ஓடவில்லை என்று பலரும் புகார் சொன்னார்கள். ஒரு நாள் நீட்டிப்பு என்ற அறிவிப்பு அன்று நள்ளிரவை ஒட்டித்தான் வந்தது. புதிய தேதியை ஏற்றுவதற்காகத் தளமே நள்ளிரவு 12 மணி முதல் 2.30 மணி வரை மூடப்பட்டது. மாலையிலேயே பதறிப்போய், அரைகுறையாகக் கணக்கு கொடுத்தவருக்கு அந்த நீட்டிப்பால் என்ன பயன்? தகவல் தெரியாமல் தூங்கப் போனவருக்குத்தான் என்ன பயன்?

ஜி.எஸ்.டி. விஷயத்தில் ஒரு படி முன்னேற்றம் உண்டு. தளக் கோளாறால் கணக்கு கொடுக்க முடியாமல் போனவர்களின் குறையைக் கேட்க 2018 ஏப்ரலில் ஒரு முறை ஏற்படுத்தப்பட்டது. ஆனால் அங்கேயும், தான் முயற்சி செய்ததற்கான ஆதாரத்தைக் கொண்டு வர வேண்டியவர் வியாபாரிதான். கவுண்ட்டர் எத்தனை மணிக்கு நின்றது என்பது கவுண்ட்டர் வைத்திருப்பவரின் கம்ப்யூட்டரிலேயே நிமிஷ வாரியாகப் பதிவாகிறது. அதை வெளியே வைக்க என்ன தயக்கம்?

வேண்டியது என்ன?

மாற்றமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காலம் தள்ளினால் அது ஒரு நாள் சொல்லாமலே நிற்கும். மாறத்தான் வேண்டும். கேட்பதெல்லாம் மெகா பிளாக் அளவுக்கான ஒழுங்குதான்.

கெடு நாளுக்கு அருகில் மாற்றம் வைக்கக்கூடாது. புதியது நிலைபெறும் வரை பழையதை அணைக்கக்கூடாது. முடியாதவர்களுக்குக் காகித வழி ஒன்று திறந்திருக்க வேண்டும். தளம் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை ஓடவில்லை என்ற பட்டியலை இலாகாவே வெளியிட வேண்டும். ஓடாத நேரத்துக்கு ஈடாகக் கெடு தானாகவே நகர வேண்டும். இந்தக் கடைசி விஷயம் சலுகையாக இல்லாமல் விதியாக எழுதப்பட வேண்டும். அதை எழுதிவிட்டால் மற்றவை தாமாகவே நடக்கும். தன் தாமதத்துக்குத் தானே விலை கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர் சோதித்துப் பார்க்காமல் ஷட்டரைத் தூக்க மாட்டார்.

அது வரும் வரை ஜனங்கள் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டியதுதான். கடைசி வாரத்துக்கு வேலையைத் தள்ளாமல் இருப்பது முதல் காப்பு. கொடுத்த கணக்கு, பாஸ்புக், ரசீது எல்லாவற்றுக்கும் கையில் ஒரு நகல் வைத்திருப்பது இரண்டாவது. தளம் திறக்காதபோது, தேதியும் மணியும் தெரியும்படி செல்போனில் திரையைப் படம் எடுத்து வைப்பது மூன்றாவது. நாளைக்கு 'நீ வரவே இல்லை' என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு அது உதவும்.

இவை உடனே தேவைப்படும் விஷயங்கள். 2021-ல் வந்த வரித் தள ஏற்பாட்டின் காலம் முடிவை நெருங்குகிறது, அதற்கடுத்த மூன்றாவது ஏற்பாடு வரப்போகிறது என்று 2024 அக்டோபரில் வருமான வரி இலாகா சொல்லியிருந்தது. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் வகையில் 2025-ல் புதிய சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டமும் மாறி, அதை நடத்தும் கம்ப்யூட்டரும் மாறும் காலம் இது.

சாமான் ஏற்றும் வண்டி மறுபடி வாசலுக்கு வரப்போகிறது. இந்தத் தடவையாவது புதிய வீட்டின் சாவி சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு பழைய வீட்டைப் பூட்டுவார்களா?